மஞ்சள் தட்டின் வயது

சுவரில் தட்டு மோதும் ஓசை மூன்றாம் முறையும் கேட்டது. தைமி, கையிலிருந்த அறிவிப்புத் தாளை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, மணல் கொட்டகையின் பின்புறம் நோக்கி நடந்தாள்.

தொலைவில் நிற்கும் கம்பிக்கூடையில் விழுமாறு எறிந்து ஆடும் வீசுதட்டைப் புதிதாய் வாங்கி, சுவரில் அடித்து ஒரே நாளில் பழக்கப் பார்ப்பவர்களை அவளுக்கு அறவே பிடிக்காது. தட்டு என்றால் வீச வேண்டும். மரத்தில் பட வேண்டும். மழையில் நனைய வேண்டும். விளிம்பு தேய ஆண்டுகள் ஆகும். ஆகட்டுமே!

அங்கே நின்றவன் அவளுடைய கணவன் வில்யோ.

நீராவிக் குளியலுக்கான சௌனா அறைக்கு விறகு பிளக்கப் போவதாகக் காலையில் சொல்லிவிட்டுப் போனவன்.

அவன் கையில் இருந்தது மஞ்சள் தட்டு. அடிப்புறத்தில் கறுப்பு மையில் அவள் பெயர். அதன் கீழ் அவளது தொலைபேசி எண்.

பன்னிரண்டு நாட்களுக்கு முன் அவள் பையிலிருந்து காணாமற்போன தட்டு.

இந்த ஊரில் ஒரு தட்டைக் கண்டெடுத்தால் அதிலுள்ள எண்ணுக்கு அழைத்துச் சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகள்கூடத் தவறாமல் அழைக்கிறார்கள். அவளை எவரும் அழைக்கவில்லை. அதனால்தான் ஆட்டத் திடலில் முதற்கூடைக்கு அருகிலுள்ள அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினாள்: “என் மஞ்சள் தட்டை வைத்திருப்பவருக்கு. எண்ணைத் தெளிவாகவே எழுதியிருக்கிறேன். வாசிக்கத் தெரியாதெனில் வீட்டுக்கு வரவும், கற்றுத் தருகிறேன்.” சட்டைப்பையில் இருந்தது அதனினும் காரமான இரண்டாம் அறிவிப்பு.

போதகர் ஓஸ்மோவின் மீதுகூட அவளுக்கு ஐயம் எழுந்திருந்தது. அவரிடமும் அண்மையில் ஒரு மஞ்சள் தட்டு வந்து சேர்ந்திருந்ததே!

நாளைக்கு வீசுதட்டுக் கழகத்தின் இலையுதிர்காலப் போட்டி. ஏழாம் கூடைக்கு ஏரியின் ஒரு கிளையைத் தாண்டி, இரண்டு பிர்ச் மரங்களுக்கு நடுவே வீச வேண்டும். தோளில் அறுவை முடிந்ததிலிருந்து அவள் கையில் பழைய வேகம் இல்லை. அந்த மெல்லிய வீச்சுக்கும் நேராகப் போவது அந்த ஒரு தட்டுதான். பதினோரு ஆண்டுகளாய்த் தேய்ந்தது. புதுத்தட்டு எதுவாயினும் இறுதியில் இடப்பக்கம் சாய்ந்து தண்ணீரில் விழுந்துவிடும். போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடுமாறு இன்று மாலைக்குள் சொல்லிவிடுவதென்று அவள் முடிவு செய்திருந்தாள்.

“ஆக, திருடன் தினமும் எங்கூடவே உக்காந்து காப்பி குடிச்சிருக்கான்!”

வில்யோ திடுக்கிட்டுத் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். “கிடைச்சிருச்சு தைமி. புதருக்குள்ள கிடந்துச்சு. சாயங்காலம் குடுக்கலாம்னு…”

“கிடைச்சதை ஏன்யா சுவத்துல போட்டு அடிக்கிற? கொண்டா இங்க.”

பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள். தொலைபேசி எண்ணில், நடுவே குறுக்குக்கோடு இட்ட ஏழு. அவள் எழுதுவது போலவே. விளிம்பெங்கும் கீறல். உப்புத்தாள் தேய்த்த சொரசொரப்பு. வேண்டுமென்றே பூசிய புல்லின் பச்சை.

ஆனால் கீறல்கள் வெளுத்திருந்தன. பதினோரு ஆண்டுக் கீறல் வெளுப்பாய் இராது, அழுக்கேறிக் கறுத்திருக்கும்.

இது அவளுடைய தட்டு அன்று.

அப்போதுதான் சுவரோரம் சாய்ந்திருந்த, சருகு கூட்டும் நீண்ட வாரியைக் கண்டாள். சென்ற வாரம் முழுவதும் தோட்டத்தில் அவள் தேடிய வாரி. அதன் பற்களில் ஏரிப்பாசி காய்ந்து தொங்கியது. வில்யோவின் ரப்பர் காலணிகளில் முழங்கால்வரை சேறு.

“எந்தக் கூடை?”

“ஏழு.” அவன் தரையைப் பார்த்தான். “அது மட்டும் எப்படி நேராப் போகுதுன்னு ஒரே ஒரு தடவை எறிஞ்சு பாத்தேன். போகலை, ஏரிக்குள்ள விழுந்துருச்சு. வாரியால துழாவியும் கிடைக்கலை.”

தைமிக்குக் காது மடல்கள் கொதித்தன.

“பன்னெண்டு நாளா அந்தப் போதகருக்கு நான் வணக்கம்கூடச் சொல்லலையேய்யா! சர்ச் வாசல்ல வச்சு மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போனேன்! நீ பக்கத்துலதானே நின்ன? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னியா?”

அவன் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டான்.

வீசியெறியும் எண்ணத்தோடு தட்டைப் பற்றினாள். கட்டைவிரல் வழக்கம்போல் தன் இடத்தைத் தேடி விளிம்பில் நகர்ந்தது. பழைய தட்டில் அவ்விடத்தில் ஒரு கடித்தடம் உண்டு. இரண்டு பனிக்காலங்களுக்கு முன் இறந்துபோன நாய் ஹல்லி, குட்டியாய் இருந்தபோது கடித்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் ஒரு கணம் வைத்தெடுப்பாள். அதை அவள் எவரிடமும் சொன்னதில்லை.

விரல் ஒரு பள்ளத்தில் இடறியது.

குனிந்து பார்த்தாள். இதிலும் கடித்தடம் இருந்தது. அகலமான பற்கள், ஒரே வரிசையாக. நடுவில் மட்டும் ஒரு பல்லின் இடம் வெறுமையாய் இருந்தது.

தைமி நிமிர்ந்து கணவனின் முகத்தைப் பார்த்தாள். சென்ற மாதம் மேல்வரிசையில் முன்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த வில்யோ, உதடுகளை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டான்.

“ஹல்லிக்கு எல்லாப் பல்லும் இருந்துச்சுய்யா,” என்று அவள் சீறினாள்.

கட்டைவிரல் அந்த இடைவெளியை விட்டு நகரவில்லை.