விமானத்துக்குப் போர்வை

"ஒரு வருஷம் மூடி வைக்கணும்னு சொல்லுதீய அண்ணாச்சி. அது ரெண்டாகும், பத்தாகும். மூடி வச்ச வண்டி திரும்ப வெளிய வந்ததா எங்கயாவது கேட்டிருக்கீயளா?"

பரீது ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். நம்பிராஜன் காதில் விழாத மாதிரி விமானத்தின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விமானம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். இரண்டே பேர்தான் உட்காரலாம். ஆட்டோவுக்கு இறக்கை முளைத்த மாதிரி இருக்கும். செங்கோட்டைச் சாலையில் இருக்கும் பழைய மரக்கடை ஷெட்தான் அதற்கு வீடு. பக்கத்துத் தரிசு நிலம்தான் ஓடுபாதை. அனுமதி வாங்கி முடிப்பதற்குள் நம்பிராஜனுக்குச் செருப்பும் தேய்ந்தது, முன்மண்டை முடியும் போனது. ஷார்ஜாவில் விமான மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பிய பரீதுதான் அதற்கு வைத்தியம் பார்ப்பவன்.

ஞாயிற்றுக்கிழமையானால் மலையோரமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு வராவிட்டால் நம்பிராஜனுக்குச் சோறு இறங்காது. கல்யாணமாகிப் பத்து வருஷம் தாண்டியும் பிள்ளையில்லாத வீடு. யாராவது அதைக் கிளறினால், "எனக்கும் ஒரு பிள்ள இருக்கு, அது பெட்ரோல் குடிக்கும்" என்று சிரித்துவிட்டுப் போவார். விமானத்தையும் மூடிவிட்டால் அந்தச் சிரிப்புக்கு என்ன வழி? பரீதுவின் கவலையெல்லாம் அதுதான்.

"கண்ணுல ஏதும் கோளாறா அண்ணாச்சி?"

"பருந்துக்குத் தெரியாததும் எனக்குத் தெரியும்."

"வீட்டுல மைனி சண்டை போட்டாவளா?"

"அவ மேல பழியப் போடாதலே. அவ பறங்கன்னுதான் சொல்லுதா. நாந்தான் மாட்டேங்கேன்."

"அப்ப விக்கப் போறீய."

"பெத்த பிள்ளைய எவனாவது விப்பானா? வேலையப் பாருலே. நேரம் வரும்போது நானே சொல்லுதேன்."

பரீது வேலையைப் பார்த்தான். சாரல் காலம் வேறு. புளியறைப் பக்கமிருந்து வரும் ஈரக் காற்று இரும்பைத் தின்றுவிடும். தொட்டியிலிருந்த பெட்ரோலை வடித்தான். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் துருப்பிடிக்காமல் தடுக்கும் எண்ணெயைப் பீய்ச்சினான். பேட்டரியை எடுத்து வெளியே வைத்தான். நின்ற இடத்திலேயே டயர் நசுங்கிப் போகாமல் இருக்க அடியில் கட்டை கொடுத்துத் தூக்கினான். இருக்கைக்குக் கீழே கைநிறையப் பாச்சை உருண்டைகளைப் போட்டான். ஒவ்வொன்றுக்கும் ஒரு முணுமுணுப்பு.

நம்பிராஜனோ கூடவே நின்று, "மெதுவாலே, பாத்துலே" என்றபடி எடுபிடி வேலை செய்தார். நடுநடுவே சீட்டி வேறு அடித்தார். துக்கம் முற்றி ஆளுக்கு மண்டை குழம்பிவிட்டதோ என்று பரீதுவுக்குப் பயம் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லட்டுமா? அங்கன ஷார்ஜாவுல எத்தனையோ விமானத்துக்கு வேலை பாத்திருக்கேன். ஒருத்தனும் என்னைய ஏறி உக்காருன்னு சொன்னதில்ல. நீங்கதான் பக்கத்துல உக்கார வச்சு மேல கூட்டிட்டுப் போனீய. நீங்க இதை விட்டுட்டா என்னால தாங்க முடியாது."

நம்பிராஜன் அவன் தோளைத் தட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு கந்தைத் துணியை எடுத்து நீட்டினார்.

பரீது காற்று போகும் வழிகளை ஒவ்வொன்றாகத் துணி வைத்து அடைத்தான். புகைக்குழாய் முடிந்தது. கடைசியாக, இறக்கைக்குக் கீழே விரல் பருமனில் நீட்டிக்கொண்டிருந்த சின்னக் குழாய்க்குப் போனான். அதற்குள் காற்று நுழைந்தால்தான் வேகம் காட்டும் முள் அசையும்.

"அதைத் தொடாத."

"இதைத்தான் அண்ணாச்சி கட்டாயம் அடைக்கணும். இல்லன்னா குளவி வந்து..." குனிந்து பார்த்தவன் பேச்சை நிறுத்தினான். குழாயின் வாயில் செம்மண் உருண்டையாக அப்பியிருந்தது. "வந்தே போச்சு. கம்பி இருந்தா குடுங்க, ஒரே நோண்டுல எடுத்திருதேன்."

நம்பிராஜன் பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அஷ்டமியன்று போய்ப் புது கார் எடுத்தவர். விமானத்துக்குத் திருஷ்டி கழிக்கப் பூசணிக்காயோடு வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவர். அவர்தான் இப்போது ஒரு மண் உருண்டைக்குக் காவல் நின்றார்.

"இதுக்காகத்தாம்லே மூடியே வைக்கேன்."

"ஒரு குளவிக் கூட்டுக்கா?"

"குளவி கூடு கட்டுனா அந்த வீட்டுல தொட்டில் கட்டுவாங்கன்னு ஊர்ல சொல்லும்போதெல்லாம் சிரிச்சவன்தான் நான். போன ஞாயித்துக்கெழம இதப் பாத்ததும் என்னமோ கலைக்க மனசு வரல, இருந்துட்டுப் போகட்டும்னு பறக்காமத் திரும்பிட்டேன்." நம்பிராஜன் அவன் கையை விட்டார். "முந்தாநாள் உன் மைனிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேம்லே. மூணு மாசம் ஆகாம ஒருத்தர்ட்டயும் மூச்சு விடப்படாதுன்னு அவ உத்தரவு. பறக்கது எங்கன ஓடிப் போவுது? மொதல்ல எங்க வீட்டுக்கு வாரது பத்திரமா எறங்கட்டும்."