கடைசி டெஸ்ட்

ஆய்வுக்கூட வாசலில் தையல்காரிக்கு உட்காரவே முடியவில்லை.

"ரெண்டு தடவையும் எச்.ஐ.வி. இல்லைன்னுதானே வந்துச்சு? அப்புறம் ஏன் பயப்படுறே?" என்றான் கணவன்.

"அதெல்லாம் சீக்கிரமே எடுத்ததுங்க. இதுதான் முடிவானதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே!"

கதவு திறந்தது. டாக்டரம்மா சிரித்தபடி வந்தார். "இல்லை! இனிமே டெஸ்ட்டே வேண்டாம்."

"ரிசல்ட் மாறிப் போயிருக்காதே?"

"மறுபடியும் சரிபார்த்துட்டேன். தைரியமா நம்பும்மா."

தோட்டத்தில் நாத்தனாரோடு விளையாடிக்கொண்டிருந்த ஒன்றரை வயது மகளை ஓடிப்போய் வாரி எடுத்தாள் தையல்காரி. ஏழு வருடமாகத் தன் உடம்பில் இருக்கும் கிருமி மகளைத் தொடவில்லை! கருவுற்ற நாளிலிருந்து ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிடாதவள், ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"உங்கம்மா ஜெயிச்சுட்டாடி, தங்கமே!"