கார்ல நாற்பது நிமிஷம்

"மலையைக் குடைஞ்சு வீடா? அதுக்குள்ள மனுஷங்க இருக்காங்களா மதினி?"

"இருக்காங்க மதினி. உள்ள டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் இருக்கு. வெளிய இருந்து பாத்தா வெள்ளையடிச்ச வாசலும் புகைபோக்கியும்தான் தெரியும். ராகேஷ் இருக்க ஊர்ல இருந்து கார்ல நாற்பது நிமிஷம்" என்றாள் முத்துலட்சுமி. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

மறுமுனையில் பங்கஜம். மகள் லாவண்யாவுக்கு மாமியாராகப் போகிறவள். தி.நகரில் நகைக்கடை. பெண்ணுக்கு ஸ்பெயினில் வேலை பார்க்கும் அண்ணன் இருக்கிறான் என்றதும்தான் அந்த வீட்டில் தலையாட்டினார்கள்.

"முந்தாநேத்து பாலம், நேத்து செவப்புப் பறவை நிக்குத ஏரி, இன்னைக்குக் குகை. கொடுத்துவச்சவங்க. ஆனா ஒரு படத்துலயும் உங்க ரெண்டு பேரு மூஞ்சியைக் காணலியே?"

"அவுக படம் எடுத்தா அவுக வெரல்தான் விழும் மதினி."

பங்கஜம் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். "நாளைக்குள்ள நீங்க ரெண்டு பேரும் நிக்குத மாதிரி ஒண்ணு அனுப்பிருங்க. நிச்சயதார்த்தத்துல பெரிய ஸ்கிரீன்ல போடலாம்னு எம்மவன் சேரன் சொல்லுதான். எங்க வீட்டுப் பெரியவங்களும் ஒரு மாதிரி கேக்காங்க."

"ஒரு மாதிரின்னா?"

"நெசமாவே போயிருக்காங்களான்னு."

போனை வைத்தபோது முத்துலட்சுமியின் கை புளித்தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

அவள் கணவர் கனகராஜ் மின்விசிறிக்குக் கீழே வெறுந்தரையில் கிடந்தார். "குகைக்குள்ள குடியிருக்கது யாருன்னு அந்த அம்மாவுக்குத் தெரியல" என்றார்.

ஜன்னல் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது ஸ்பெயின் இல்லை, பெசன்ட் நகர். விசா வருவதற்குள் சால்வை வந்துவிட்டதுதான் வினை. துணிக்கடைக்காரர்கள் சங்கத்தில் யார் வெளிநாடு கிளம்பினாலும் சால்வை போர்த்தி, தெருமுனையில் பேனர் கட்டி அனுப்புவது வழக்கம். எத்தனையோ பேருக்குக் கனகராஜே முன்னின்று கட்டியிருக்கிறார். அவருக்குப் பேனர் ஏறிய மறுநாள் ராகேஷ் பேசினான். "கம்பெனியில அழைப்புக் கடிதம் தரமாட்டேங்கான்ப்பா. அடுத்த வருஷம் பாப்போம்." சிரித்த முகத்தோடு தொங்கிய பேனரை இறக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பித்தான் வியாபாரி வலியுல்லா தன்னுடைய காலி ஃபிளாட்டின் சாவியைக் கொடுத்தார். பத்து நாள் கணக்கு. இது ஆறாவது நாள்.

வெளியே இறங்க முடியாது. சாயங்காலமானால் பாதி தி.நகர் கடற்கரைக்கு வந்துவிடும். பின்தெருவில் மாதாகோயில். ஆறு மணிக்கு மணியடிக்கும். முதல் நாளே பங்கஜம் காதில் அது விழுந்து, என்ன சத்தம் என்று கேட்டாள். "பக்கத்துலயே சர்ச்சு இருக்கு மதினி" என்றாள் முத்துலட்சுமி. ஆறு நாளில் அவள் சொன்ன ஒரே நிஜம் அது.

மற்றதெல்லாம் ராகேஷ் சொன்னது. அப்பாவும் அம்மாவும் தி.நகர் வீட்டில் இருப்பதாக நினைத்து, தினமும் மத்தியானம் இரண்டு மணிக்குப் பேசுவான். உன் ஊரைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கேட்டால், தூரம், திறக்கும் நேரம், திங்கட்கிழமை விடுமுறை என்பதுவரை ஒப்பிப்பான். அங்கே என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பான். அவன் ஒப்பித்ததை இவள் பங்கஜத்திடம் ஒப்பிப்பாள், அவன் அனுப்பும் படங்களையும் அப்படியே அனுப்பிவைப்பாள்.

"போட்டோவுக்கு என்ன செய்யப் போறீங்க?"

கனகராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"ராகேஷ்கிட்ட சொல்லிருவோம்" என்றாள். "அவன் படத்துல நம்மளை ஒட்டித் தரட்டும். கம்ப்யூட்டர் படிச்ச புள்ளதான."

"அப்பன் இப்படி ஒளிஞ்சு கெடக்கான்னு புள்ளகிட்டச் சொல்லவா?"

"சொல்லாட்டா லாவண்யா கல்யாணம் நின்னுபோகும்."

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "நீயே சொல்லு. ஸ்பீக்கர்ல போடு, கேட்டுக்கிடுதேன்."

அவன் வழக்கமாகப் பேசும் நேரம் இல்லை அது. அங்கே மதியச் சாப்பாட்டு வேளையாக இருக்கும். வெகுநேரம் அடித்த பிறகுதான் எடுத்தான்.

"என்னம்மா இந்நேரம்? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கோம். ஒரே காத்துச் சத்தமா இருக்கு, வெளிய நிக்கியா?"

"சும்மா ஊருக்குள்ள நடக்கேன். நீங்க வீட்டுலதான?"

"வீட்டுலதான்ப்பா."

"நாளைக்கு ஆலிவ் எண்ணெய் ஆட்டுத பழைய ஆலை ஒண்ணுக்குப் போறேன்மா. இங்க இருந்து கார்ல…"

"நாற்பது நிமிஷம்" என்று முனகினார் கனகராஜ்.

முத்துலட்சுமி அவரைக் கையமர்த்தினாள். "ராகேஷ், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு அப்பாவை ஒண்ணும் சொல்லிராத…"

மாதாகோயில் மணி அடிக்கத் தொடங்கியது. தி.நகர் வீட்டில் ஏது மணி? மகன் காதில் விழுந்துவிடக் கூடாதென்று போனோடு ஓடி ஜன்னலை இழுத்துச் சாத்தினாள், தாழும் போட்டாள். வெளியே சத்தம் அமுங்கிப்போனது.

போனில் அமுங்கவில்லை. அதே மணி கணீரென்று அடித்து ஓய்ந்தது. பிறகு போனுக்குள்ளிருந்து ஓர் ஒலிபெருக்கி கரகரத்தது. "வெள்ளைக் கலர் கார் ஒண்ணு மாதாகோயில் வாசலை மறிச்சு நிக்குது. டிரைவர் எங்க இருந்தாலும் வந்து எடுக்கவும்."

கனகராஜ் எழுந்து உட்கார்ந்தார்.

முத்துலட்சுமி தாழை எடுத்தாள். ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு, களைத்த குரலில் கேட்டாள்:

"நடந்து வந்தா எத்தனை நிமிஷம்ப்பா?"