மூணாவது கேன்சல்

"பதினேழாம் பெட் பேஷண்ட் எங்கம்மா?"

நர்ஸ் நாச்சியார் கேட்டதும் லீலா கட்டிலைப் பார்த்தாள். தலையணை இருந்தது. கேஸ் ஷீட் இருந்தது. புருஷன் ரகுபதி இல்லை.

"பாத்ரூம் போயிருப்பாரு சிஸ்டர்."

"ரெண்டு மணி நேரமாவா? மேல தியேட்டர்ல டாக்டர் கையக் கழுவிட்டு நிக்கிறார்!"

ரகுபதிக்குக் குடலிறக்கம். ஆபரேஷன் ஏற்கெனவே ரெண்டு தடவை கேன்சல்.

முதல் தடவை, வெறும் வயிற்றோடு வரச்சொன்னார்கள். நாலு இட்லி தின்றுவிட்டு வந்தார். "சோறுதான் துன்னக் கூடாதுன்னு நெனைச்சேன்" என்றார்.

அடுத்த தடவை லிப்ட் ரிப்பேர். "ரெண்டு மாடிதானே, நடந்தே வரேன்" என்றார். பேஷண்ட் படுத்துக்கொண்டுதான் தியேட்டருக்கு வரவேண்டும், அதுதான் ரூல் என்றார்கள். படுத்தபடி படியேற யாருக்கும் வழி தெரியவில்லை.

இன்றைக்கு லிப்ட் ஓடியது. வயிறும் காலி. ஆள்தான் இல்லை.

வாட்ச்மேன் எல்லா இடமும் தேடிவிட்டு வந்தார். "கேன்டீன்ல இல்ல. எக்ஸ்ரே ரூம்ல இல்ல. பொணவறையிலயும் இல்ல."

"அங்க ஏன்யா போய்த் தேடின?"

"ஒரு டவுட்டுதான் சிஸ்டர்."

லீலா போனை எடுத்தாள். வல்லம் வடகாலில் ரகுபதி வேலை பார்க்கும் கார் கம்பெனிக்கு, சூப்பர்வைசர் மோகனுக்குப் போன் போட்டாள்.

"சார், எங்க வூட்டுக்காரரு அங்க எதுனா வந்தாரா?"

"ரகுபதியா? லைன்ல கீறாரும்மா."

"அப்ப குடுங்க சார், பேசறேன்."

"போன் லைன் இல்லம்மா, கம்பெனி லைன். ஸ்டூல்ல குந்திகினு கார் கதவுக்கு ரப்பர் மாட்டினு கீறாரு. உள்ள ஆஸ்பத்திரி பச்சை டிரெஸ்ஸு, மேல யூனிபார்ம். கையில குளுக்கோஸ் ஊசி வேற கீது. நான் அப்புறமா பேசறேன், வண்டி வருது."

போன் கட்டானது.

"பயந்துட்டாரும்மா" என்றார் பக்கத்து பெட்காரர்.

"ஆபரேஷன விட்டுட்டு எவனாவது வேலைக்கு ஓடுவானா?" என்றார் எதிர் பெட்காரர்.

லீலாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "பயந்தாங்கொள்ளி! கத்தின்னதும் கம்பெனிக்கு ஓடிட்டாரு. மூணு நாளா லீவு போட்டுகினு இங்க நாந்தான் லோல்படறேன்."

டாக்டரே கீழே இறங்கி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கேஸ் ஷீட்டை எடுத்து நர்ஸிடம் நீட்டினார்.

"கேன்சல்னு எழுதுங்க சிஸ்டர். காரணம், நோயாளி டூட்டிக்குப் போய்விட்டார். இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு காரணம் நான் பாத்ததே இல்ல. சரி, அடுத்தது யாரு?"

"பெண்கள் வார்டு இசக்கிசெல்வி, டாக்டர். வயித்துல கட்டி."

"ரத்தம் குடுக்க ஆள் வரலன்னு நேத்து தள்ளி வச்சோமே, அந்தப் பொண்ணா?"

"ஆமா டாக்டர். காலையில அவங்க தம்பி வந்து குடுத்துட்டார். பிளட் பேங்க்ல பதிலுக்கு ஒரு யூனிட் வாங்கியாச்சு."

ஐந்தே நிமிஷத்தில் இசக்கிசெல்வியின் ஸ்ட்ரெச்சர் வராண்டாவில் உருண்டது. முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு பின்னாலேயே ஓர் இளைஞன் ஓடினான். ரகுபதியின் கம்பெனி யூனிபார்ம். அதே லைனில் வேலை பார்க்கும் இசக்கிபாண்டி.

லிப்ட் கதவு மூடியதும் லீலா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா தம்பி, உங்க அண்ணன் பண்ண வேலைய? ஆபரேஷனுக்குப் பயந்துகினு சொல்லாம கொள்ளாம ஓடிட்டாரு. வார்டே சிரிக்குது. மானம் போச்சு!"

இசக்கிபாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"அவிய பயந்து ஓடல மதினி. பதிலுக்கு ஒரு ஆளு நின்னாத்தான் என்னைய வெளிய விடுவேன்னுட்டாரு சூப்பர்வைசரு. நேத்து ராத்திரி இங்க வராண்டாவுல நின்னு அக்கா எங்கிட்ட போன்ல அழுததக் கேட்டுட்டு, விடிஞ்சதும் அண்ணாச்சிதான் ஷேர் ஆட்டோவுல வந்து எறங்கி, 'எனக்கு இன்னொரு நாள் பண்ணிக்கலாம், நீ போய் ரத்தத்தக் குடு'ன்னு என் ஸ்டூல்ல உக்காந்துட்டாவ."