நாற்பது பிரதிகள்

அருவ ஓவியத்தின் நாற்பது அச்சுப் பிரதிகளையும் கேலரிக்காரர் மேசையில் பரப்பினார். ஓவியர் ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் கையெழுத்திட்டார்.

"இருபது வருஷமா உங்க படத்தச் சீந்த ஆளில்ல சார். இதுதான் கடைசின்னதும் நாப்பதும் ஒரே நாள்ல போயிடுச்சு. உடம்பப் பாத்துக்குங்க." பிரதிகளை எடுத்துக்கொண்டு கேலரிக்காரர் கிளம்பினார்.

கதவைச் சாத்திவிட்டு வந்த ஓவியரின் மனைவி கேட்டாள். "ஏன் அவர்கிட்ட சொல்லல?"

"என்னத்த?"

"காலைல டாக்டர் சொன்னத. அது வேற யாரோட ரிப்போர்ட்டோ, உங்களுக்கு ஒரு நோயும் இல்லன்னு."

ஓவியருக்குச் சந்தோஷமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை.

"வாங்குனவங்க யாரும் ஏமாறல. நான் இனிமே வரையப்போறதில்ல."