புது பேட்டரி

இன்ஜினை நிறுத்தினேன். சாவியை உருவினேன். அப்புறம்தான் டிராக்டரை விட்டு இறங்கினேன்.

சாவி இல்லாமல் என்னால் இறங்க முடியாது. அதை ஒரு நீல நாடாவில் கோத்து என் பெல்ட்டில் முடிச்சுப் போட்டிருக்கிறது.

“என்னண்ணே, அண்ணி உங்கள கட்டிப்போட்டு அனுப்பிட்டாங்களா?” என்று காலையில் ஆடுகளத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவன் கேட்டான். மைதானத்துக்குப் புதுசு. அவனுக்கு ஒன்றும் தெரியாது. சிரித்து வைத்தேன்.

கட்டிவிட்டது அவள்தான். பதினோரு மாதமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள், இன்று நான் மறுபடி வேலைக்குக் கிளம்பியபோது நாடாவை எடுத்துவந்து இறுக்கி முடிந்தாள். அப்போதும் வாய் திறக்கவில்லை. நாலு வசவு வைதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

டிராக்டருக்குப் பின்னால் துளை போடும் இயந்திரம். ஆட்டத்தில் மிதிபட்டு இறுகிப்போன தரையை அதன் பற்கள் விரல் கனத்துக்குத் துளைத்துக்கொண்டே வரும். காற்றும் தண்ணீரும் உள்ளே இறங்கினால் செத்த புல்லும் பிழைத்துக்கொள்ளும். புல்லுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கிறது.

டிராக்டரையும் இயந்திரத்தையும் இணைக்கிற ஷாஃப்ட், இன்ஜின் நின்ற பிறகும் கொஞ்சம் சுற்றும். அது முழுசாக நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே உறை சரியாக மாட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். காலையிலிருந்து ஏழாவது தடவை.

நிமிர்ந்தால், ஓரத்துக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள். கையில் சாப்பாட்டுப் பெட்டி.

வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை.

சாவியைத் தூக்கிக் காட்டினேன். கயிற்றைத் தாண்டி வந்தாள். டிராக்டருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த ஓரடி இடத்தைப் பார்த்தபடியே வந்தாள். பெட்டியை என்னிடம் தரவில்லை.

“திரும்ப ஸ்டார்ட் ஆகுமா?”

பதினோரு மாதத்தில் முதல் பேச்சு.

“ஆகும். புது பேட்டரி.”

“பண்ணுங்க.”

அவள் கயிற்றுக்கு வெளியே போகும்வரை காத்திருந்தேன். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினேன். அரைத் திருகுதான். சட்டென்று பிடித்துக்கொண்டது.

பழைய பேட்டரி அப்படி இல்லை. நிறுத்தினால் போச்சு, நாலு பேர் வந்து தள்ள வேண்டும். அதனால் அன்று தண்ணீர்க் குழாயை நகர்த்தப் போனவன், இன்ஜினையும் ஷாஃப்டையும் ஓடவிட்டே இறங்கினேன். கிரீஸ் போடக் கழற்றிய உறையை நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். பேட்டரி மேல் பழியைப் போட்டு என்ன செய்ய. இறங்கியது நான்.

ஒரே நிமிடம். அன்று கல்லூரிக்கு விடுமுறை. சாப்பாடு கொண்டுவந்த என் மகள், வழக்கம்போல அதை என் இருக்கையில் வைக்கப் பின்பக்கமாக வந்திருக்கிறாள். துப்பட்டா போட்டிருந்தாள்.

விடுமுறை என்பதால் அடையாள அட்டையை மட்டும் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்திருந்தாள், இந்த நீல நாடாவோடு.

இன்ஜினை நிறுத்தினேன். சாவியை உருவிக்கொண்டு, கயிற்றருகே நின்றவளிடம் போனேன்.

“இவ்வளவுதானா?” என்றாள்.

கையிலிருந்த சாவியைப் பார்த்தேன்.

“ஒரு பேட்டரி, இவ்வளவுதானா?” என்று மறுபடியும் கேட்டாள். பெட்டியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சுடுகாட்டில்கூட அழாதவள்.