அடியில் கிடந்த பிஸ்கட்

கண்ணாடிக் கிண்ணத்துக்குள் முதலில் போய்ப் படுத்தது பிஸ்கட்தான். பாலில் நனைந்த உடம்பு. அதன்மேல் க்ரீம், வாழைப்பழம், மறுபடி க்ரீம், உச்சியில் மாம்பழத் துண்டுகள். அத்தனையையும் சுமந்துகொண்டு ஃபிரிட்ஜில் விறைத்தபோதும் பிஸ்கட்டுக்கு ஒரே குஷி. விருந்தாளிகள் வருகிறார்கள், இன்றைக்குத் தன்னையும் யாராவது ருசி பார்ப்பார்கள்.

"ரொம்ப ஆடாதே," என்றது மாம்பழம். "வர்றவங்க என்னைப் பொறுக்குவாங்க. கொஞ்சம் க்ரீம் வழிச்சுப்பாங்க. உன்கிட்ட வர்றதுக்குள்ள வயிறு ரொம்பிடும். அப்புறம் நீ குப்பைக்குத்தான்."

"நீ உட்கார்ந்திருக்கிறதே என் மேலதான்டி," என்றது பிஸ்கட். ஆனாலும் குப்பை என்ற சொல் அதன் மனசைவிட்டுப் போகவில்லை.

கிண்ணம் மேசைக்கு வந்தது. எல்லார் கண்ணும் மாம்பழத்தின்மேல். அது இன்னும் கொஞ்சம் மினுக்கிக்கொண்டது. பரிமாற வைத்திருந்த வெள்ளி ஸ்பூன் அவசரத்துக்கு அகப்படாததால், வீட்டுக்காரி சாம்பார்க் கரண்டியையே கழுவித் துடைத்து எடுத்துவந்தாள்.

"சீ, பெருங்காய வாசனை," என்று மாம்பழம் மூக்கைச் சுளித்தது. "மேலாக நாசூக்கா எடு."

"அதெல்லாம் எனக்கு வராதும்மா," என்றது கரண்டி. "அடியில படிஞ்ச பருப்பை அள்ளியே பழகிட்டேன்."

சொல்லிக்கொண்டே நேராக அடிவரை இறங்கியது. ஒரே அள்ளாக அள்ளித் தட்டில் கவிழ்த்தது. இப்போது உச்சியில் பிஸ்கட். எல்லாவற்றுக்கும் கீழே மாம்பழம் ஏதோ கத்தியது. வாயில் க்ரீம் அடைத்திருந்ததால் ஒன்றும் விளங்கவில்லை. பிஸ்கட் அதைக் கவனிக்கவும் இல்லை. விருந்தாளியின் ஸ்பூன் நேராக அதை நோக்கி வந்துகொண்டிருந்தது.